நியாய விலையும் யுத்த கால உண்மையும்

1938 ஜனவரி 3ஆம் திகதி லண்டனில் பி.பி.சி.யின் அரபு ஒலிபரப்பு ஆரம்பமானது. ஆங்கிலம் தவிர்ந்த வேறொரு மொழியில் அந்நிறுவனம் ஆரம்பித்த முதற் சேவை அது. இத்தாலியின் பாரி நகர வானொலி 1934 முதல் அரபு மொழியில் பிரித்தானியாவைத் தூற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் கொடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் முதல்நாள் செய்தியறிக்கையிலேயே, ஆயுதம் வைத்திருந்ததற்காகப் பலஸ்தீன அரபி ஒருவரைப் பிரித்தானிய ஆட்சி தூக்கிலிட்ட செய்தியும் வாசிக்கப்பட்டது. வெளிவிவகார அமைச்சின் அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். பிரசாரத்துக்காக ஆரம்பித்த வானொலி தன் எஜமானுக்கே பாதகமான செய்தியைச் சொல்லலாமா என்பது அவர்கள் கேள்வி. பாதகமானதையும் சொன்னால்தான் மற்றதை நம்புவார்கள் என்பது வானொலிக்காரரின் கணக்கு.

இங்கே எனக்குக் கான்ட் சொன்ன கடைக்காரர் நினைவுக்கு வருகிறார். விபரம் அறியாத சிறுபிள்ளை வந்தாலும் அவர் விலையைக் கூட்டிச் சொல்வதில்லை. பெயர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பதே காரணம். அதில் ஒழுக்கப் பெறுமானம் இல்லை என்கிறார் கான்ட். கடைக்காரரின் உள்ளத்தை நிறுப்பதானால் அது சரிதான். ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்த்தால் காசு மிஞ்சியிருக்கிறதே! செய்தி கேட்டவனுக்கு உண்மை கிடைத்தது. சொன்னவனின் நோக்கம் அந்த உண்மையைப் பொய்யாக்கிவிடாது.

மறுபக்கம் ஜேர்மனி. 1933இல் நாஸி அரசு ‘மக்கள் வானொலி’ என்ற மலிவான பெட்டியை 76 மார்க் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30ஐக் குறித்தே அதற்கு 301 என்று இலக்கமிட்டார்கள். வீடுதோறும் பெட்டியைக் கொடுத்துவிட்டு, 1939 செப்டம்பர் 1ஆம் திகதிய சட்டத்தால் காதைப் பூட்டினார்கள். அந்நிய வானொலியைக் கேட்டால் சிறை. கேட்டதைப் பிறருக்குச் சொன்னால், பாரதூரமான வேளைகளில் மரண தண்டனை. பொய்க்குத் தன்மேல் நம்பிக்கை இருந்திருந்தால் இத்தனை பூட்டு எதற்கு?

அந்தப் பொய் எவ்வளவு தூரம் போனது என்பதற்குக் ‘கோல்பெர்க்’ படம் சாட்சி. 1943இல் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் கட்டளையிட்டு எடுப்பித்தது. 1807இல் நெப்போலியனின் படையை எதிர்த்து நின்ற ஒரு பட்டினத்தின் கதை. போர்முனைகள் சரிந்துகொண்டிருந்த வேளையில், படத்தில் நடிக்கவென்று சிப்பாய்களை அனுப்பினார்கள். படம் 1945 ஜனவரி 30இல் திரையிடப்பட்டது. அதே கோல்பெர்க் நகரம் மார்ச்சில் வீழ்ந்தது. அந்த வீழ்ச்சி இராணுவ அறிக்கையில் வராதபடி கோயபல்ஸ் பார்த்துக்கொண்டார். திரையில் வீழாத ஊர் தரையில் வீழ்ந்ததை எப்படிச் சொல்வது!

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் பிரித்தானியாவுக்கு நற்சான்றுப் பத்திரம் கொடுத்ததாகிவிடும். அதே பிரித்தானிய அரசின் இரகசியப் பிரிவொன்று, 1943 முதல் ஜேர்மன் சிப்பாய்களின் சொந்த வானொலி போல வேஷமிட்டு ‘கலே சிப்பாய் வானொலி’யை நடத்தியது. பத்திரிகையாளரான செப்டன் டெல்மர்தான் அதன் சூத்திரதாரி. நல்ல இசை, விளையாட்டு முடிவுகள், சரிபார்த்த செய்திகள். அவற்றினிடையே சிப்பாயின் மனதை உடைக்கும் புனைவுகள். இங்கே உண்மை தூண்டிலில் கோத்த புழு. வெளிப்படையான பொய்யைவிட இதையே நான் மோசமென்பேன். பொய்யன் நம் நம்பிக்கையைக் கேட்கிறான், கொடுக்காமல் இருக்கலாம். இவனோ நாம் சோதித்துப் பார்த்துக் கொடுத்த நம்பிக்கையைத் திருடுகிறான். கொடிய அரசொன்றை வீழ்த்த இது தேவைப்பட்டது என்ற வாதத்தை இலகுவில் தள்ளிவிடவும் முடியவில்லை.

கான்டின் கடைக்காரருக்குத் திரும்புவோம். இலாபத்துக்காக நியாய விலை சொல்பவர், இலாபம் மறுபக்கம் சாய்ந்தால் என்ன செய்வார்? 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். அந்த உண்மையைச் சொல்வதால் யுத்தத்துக்கு ஆதாயம் எதுவுமில்லை. ஆட்சியாளர் ‘பஞ்சம்’ என்ற சொல்லையே தவிர்த்தார்கள். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை ஆகஸ்ட் மாதத்தில் தெருவோரத்துப் பிணங்களின் படங்களை அச்சிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸும் ஓர் ஆங்கிலேயர்தான்.