அகவல் கூறும் மூச்சு நெறி

 எமது ஆலய மலரிலே விரத மகிமை பற்றியும் கிரியை விளக்கங்கள் பற்றியும் அறிஞர் பெருமக்கள் எழுதி வருகின்றார்கள். அடியேன் பண்டிதன் அல்லன். கச்சேரியிலே இலிகிதனாகக் கடமை புரிந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் ஆலயத்துக்கு வரும் எம்மெல்லோருக்கும் பொதுவான ஒரு குறையைப் பற்றி எழுத எனக்கும் உரிமை உண்டு என எண்ணுகின்றேன். வழிபடும் நேரத்தில் மனம் எம்முடன் நில்லாமையே அக்குறை.

மணி ஒலிக்கின்றது. திரை நீங்குகின்றது. ஐயர் பஞ்சாராத்தியை ஏந்துகின்றார். எமது கைகள் தலைமேற் குவிகின்றன. மனம் எங்கே நிற்கின்றது? பிறரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அறங்காவலர் என்று முன்வரிசையில் நிற்கும் என்னுடைய மனம் பல நாட்கள் எண்ணெய்க் கடைப் பாக்கியில் நின்றிருக்கின்றது. இன்றைய உபயகாரர் இன்னும் வரவில்லையே, பிரசாதத்துக்கு அரிசி போதுமா, மடைப்பள்ளிக் கூரைக்கு ஓடு எப்போது போடுவது என்றெல்லாம் அலைந்திருக்கின்றது. கர்ப்பூரத் தட்டு முன்னே வந்தபோதுதான் பூசை முடிந்ததே தெரியும். கோயிற் காரியம் தானே நினைத்தேன், அதுவும் தொண்டுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்ட காலமும் உண்டு.

இதற்கு மருந்து வெளியே தேட வேண்டியதில்லை. நாம் சிறுவயதிலே மனனஞ் செய்து, நாள்தோறும் ஓதி வருகின்ற விநாயகர் அகவலிலேயே அது இருக்கின்றது. ஔவைப் பிராட்டியார் அருளிய அவ்வகவலின் முற்பகுதி பெருமானின் திருவுருவத்தைப் பாதம் முதல் வருணிக்கின்றது. அதன்பின் வருவது முழுவதும் யோக நெறியாகும். அங்கே மூலாதாரத்திலுள்ள கனலைக் 'கால்' கொண்டு எழுப்பும் முறையைப் பெருமான் தமக்கு அறிவித்தார் என்று பிராட்டியார் கூறுகின்றார். நாற்பது வயது வரையும் அந்தக் 'கால்' என்பது நடக்கின்ற கால் என்றே நான் எண்ணியிருந்தேன். பிள்ளையார் தமது திருவடியால் எழுப்புகின்றார் என்று பொருள் கொண்டு, அதிலும் ஒரு பக்தியோடுதான் ஓதி வந்தேன். எமது ஆலயத்திலே புராண படனத்துக்குப் பயன் சொல்ல வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரே, "தம்பி, அது இந்தக் கால் இல்லை, காற்று" என்று திருத்தினார். பழந்தமிழிலே கால் என்றால் காற்று. இங்கே அது எமது மூச்சைக் குறிக்கின்றது. அதற்குச் சற்று முன்னே 'அசபை' என்ற சொல்லும் வருகின்றது. இத்தனை ஆண்டுகள் வாயால் ஓதியது மூச்சைப் பற்றி என்பதை அறியாமல், மூச்சு வாங்க வாங்க ஓதியிருக்கின்றேனே என்று அன்று வெட்கப்பட்டேன்.

அசபை என்பது செபிக்காமலே நிகழும் செபம். மூச்சு உள்ளே செல்லும்போது 'ஸோ' என்றும் வெளியே வரும்போது 'ஹம்' என்றும் ஓசையின்றி ஒலிப்பதாக யோக நூலார் கொள்வர். ஒரு நாளைக்கு ஒருவர் விடும் மூச்சு 21,600 என்பது அவர்கள் கணக்கு. கணக்கு என்றதும் எனக்குப் பழைய உத்தியோகப் பழக்கம் வந்துவிடும். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். வகுத்தால் நிமிடத்துக்குச் சரியாகப் பதினைந்து மூச்சு, அதாவது நான்கு விநாடிக்கு ஒன்று. வளர்ந்தவர் ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை மூச்சு விடுவது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்வதனுள் அது அடங்குகின்றது. கைக்கடிகாரத்தை முன்னே வைத்து என்னுடையதை எண்ணினேன். பதினேழு. மறுமுறை எண்ணியபோது பதினான்கு! எண்ணத் தொடங்கியதும் மூச்சுத் தானாகவே ஆறுதலாகி விடுகின்றது. இதை அன்பர்கள் வீட்டிலே செய்து பார்க்கலாம். நாம் சொல்ல வந்த விடயம் முழுவதும் அந்தச் சிறு சோதனைக்குள் இருக்கின்றது.

சிதம்பரத்துப் பொற்சபையின் கூரையிலே வேயப்பட்ட பொன்னோடுகளின் தொகையும் 21,600 என்பர். நாம் விடும் ஒவ்வொரு மூச்சும் அம்பலவாணரின் கூரையில் ஓர் ஓடு என்று நினைத்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். திருவாரூரிலோ தியாகராசப் பெருமானின் நடனத்துக்கே அசபா நடனம் என்று பெயர். திருமால் பெருமானைத் தமது மார்பிலே வைத்துப் பூசித்தாரென்றும், அவரது மூச்சின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பப் பெருமான் ஆடினாரென்றும் அத்தல வரலாறு கூறும். மூச்சை வெறுங் காற்று என்று கருதாமல், இறைவன் ஆடும் இடம் என்று எம் முன்னோர் கண்டிருக்கின்றார்கள்.

மூச்சைப் பார்த்தால் மனம் ஏன் அடங்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கின்றார்கள். நியாயமான கேள்வி. கோபம் வந்தவனின் மூச்சைப் பாருங்கள். குறுகி, விரைந்து, மேல் நெஞ்சிலே நிற்கும். பயந்தவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். தூங்கும் குழந்தையின் வயிறு மெல்ல எழுந்து தாழும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்தால், மூச்சு உட்செல்லும்போது துடிப்புச் சற்று விரைவதையும், வெளிச்செல்லும்போது தணிவதையும் இளம் வயதினரிடம் தெளிவாக உணரலாம். மனத்துக்கும் மூச்சுக்கும் பிறப்பிடம் ஒன்றே, ஆகையால் ஒன்று அடங்க மற்றதும் அடங்கும் என்று 'நான் யார்?' என்னும் நூலிலே பகவான் ரமண மகரிஷிகள் விளக்கினார்கள். மகரிஷிகள் அத்தோடு நிறுத்தவில்லை. மூச்சினால் வரும் அடக்கம் தற்காலிகமானது, மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்பட்டு அலையும், ஆதலால் இது ஒரு துணையே அன்றி முடிவு அன்று என்றும் சேர்த்தே சொன்னார்கள். இந்த இரண்டாவது பகுதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். தொலைக்காட்சியில் வருவோர், மூச்சுப் பயிற்சி ஒன்றே எல்லா நோயையும் எல்லாத் துன்பத்தையும் போக்கும் என்பது போலப் பேசுகின்றார்கள். அது எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே திருமூல நாயனார் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றார். பூரகம், அதாவது மூச்சை உள்ளிழுத்தல், பதினாறு மாத்திரை. கும்பகம், அதாவது உள்ளே நிறுத்தல், அறுபத்துநான்கு மாத்திரை. இரேசகம், அதாவது வெளியே விடுதல், முப்பத்திரண்டு மாத்திரை. கண்ணிமைக்கும் அல்லது கைநொடிக்கும் நேரமே மாத்திரை. அக்கணக்கிலே ஒரு மூச்சு 112 மாத்திரை நீள்கின்றது. நாம் விடுவதோ நான்கு விநாடி மூச்சு! ஓய்வு பெற்ற புதிதில், நூலைப் பார்த்து இதை நானே பழகப் போனேன். மூன்றாம் நாள் கண் இருண்டு, திண்ணைக் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி சுடுநீர் தந்து, "இந்த வயதில் இது என்ன விளையாட்டு?" என்று கேட்டதற்கு விடை சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. மூச்சைக் குதிரையாக உருவகித்த நாயனார், அறிவுடையோருக்கு அது அடங்கும், மற்றவரைத் துள்ளி வீழ்த்திவிடும் என்று எச்சரித்ததையும் அதே பகுதியிலே வாசித்திருந்தும் கவனியாமற் போனேன். கும்பகம் குருமுகமாகப் பழக வேண்டியது. இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பவதிகளும் மூச்சை அடக்கவே கூடாது.

எமக்கு வேண்டியது அடக்குதல் அன்று, அறிதல். முதுகு வளையாமல் அமர வேண்டும். முழங்கால் நோவுள்ளவர்கள் கதிரையிலே இருந்தாலும் குற்றமில்லை. கண்ணை மூடி, நாசி நுனியிலே காற்றுக் குளிர்ந்து உட்செல்வதையும் சற்று வெப்பத்துடன் வெளிவருவதையும் கவனிக்க வேண்டும். நீட்டவும் வேண்டாம், குறுக்கவும் வேண்டாம். உட்செல்லும்போது 'நம' என்றும் வெளிவரும்போது 'சிவாய' என்றும் உள்ளத்தால் நினைக்கலாம். தீட்சை பெற்றவர்கள் தமது குரு உபதேசித்தபடி நினைப்பார்களாக. பத்து மூச்சுக்குள்ளே மனம் ஓடிவிடும். ஓடட்டும். கட்டையிலே கட்டிய ஆடு கயிறு எட்டுமட்டும் போய் மேய்வது போலத்தான் அது. ஆட்டை அடித்துப் பயனில்லை. கயிற்றைப் பிடித்து மெல்ல இழுக்க, திரும்பி வரும். முதல் நாளிலே நூறு முறை இழுக்க நேர்ந்தாலும் அந்த நூறு முறையும் பயிற்சியே.

பஞ்சபுராணம் ஓதுவோருக்கு இந்த நெறி அறியாமலே கைவந்திருக்கின்றது. பண்ணோடு பாடும்போது மூச்சை விரைவாக வாங்கி, நீளமாக, அடியின் முடிவுவரை விட வேண்டியிருக்கின்றது. வெளிமூச்சு நீள, உடலும் தணிகின்றது, மனமும் தணிகின்றது. பாடி முடித்தவரின் முகத்திலே தெரியும் தெளிவுக்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் நின்று கதைத்துக்கொண்டிருப்போர் வாய்திறந்து கூடவே பாடினாலே பாதிக் காரியம் முடிந்துவிடும்!

இது புத்த சமயத்தாரின் பழக்கம் அல்லவா என்றும் சிலர் கேட்டதுண்டு. அவர்களிடம் ஆனாபானசதி என்ற பெயரில் மூச்சை அறியும் தியானம் சிறப்பாக இருப்பது உண்மையே. மூச்சு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியது அன்று. எமது சைவ அநுட்டானத்திலேயே பிராணாயாமம் ஓர் அங்கமாக இருக்கின்றது. சமயதீட்சை பெற்றவர்கள் நாள்தோறும் செய்ய வேண்டியதை, நீறு பூசுவதோடு நிறுத்திக்கொண்டவர்கள் நாங்கள்தான். குடும்பமும் உத்தியோகமும் உள்ளவருக்கு இது இயலுமா என்பாருக்கு யோகர் சுவாமிகளை நினைவூட்டுகின்றேன். கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964 ஆம் ஆண்டு சமாதியடைந்த சுவாமிகள், துறவு பூணுமுன் கிளிநொச்சிப் பகுதியிலே நீர்ப்பாசனப் பணியில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர்கள். கணக்கும் பதிவேடும் அவர்களுக்கும் இருந்தன.

மூச்சும் நாமமும் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதை நான் நூலிலே படிக்கவில்லை. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஓரிரவில் வீடுகளை விட்டு வெளியேறியபோது, நாவற்குழிப் பாலத்திலே மழையில் சனத்தோடு சனமாக நின்றோம். ஓர் அடி வைக்க எத்தனையோ நிமிடம் ஆயிற்று. தொய்வு நோயுள்ள என் தாயார் என் தோளைப் பிடித்திருந்தார். இழுக்கும் மூச்சுக்கு ஒரு 'பிள்ளையாரப்பா', விடும் மூச்சுக்கு ஒரு 'பிள்ளையாரப்பா'. வேறு ஒன்றும் பேசவில்லை. நான்தான் பயந்து பதறினேன். விடியும்போது அவர் மூச்சு என்னுடையதிலும் பார்க்கச் சீராக இருந்தது. அசபை என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்.

இனிச் சொல்வதை எழுதுவதா விடுவதா என்று பலமுறை யோசித்தேன். மச்சான் முறையான ஒருவருக்கும் எனக்கும் எல்லைக் கதியாலில் ஒரு முழ நிலத்துக்காகப் பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவரும் இவ்வாலயத்துக்கே வருபவர். தீபாராதனை வேளையில் அவர் எதிர்ப்பக்கம் நிற்பார். மூச்சைக் கவனிக்கப் பழகிய பின்புதான் ஒன்றைக் கண்டேன். அவரைக் கண்ட கணத்திலேயே என் மூச்சு நெஞ்சுக்குள் நின்றுவிடுகின்றது. அவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, வெறுமனே கும்பிட்டுக்கொண்டு நிற்கின்றார். ஆனால் பெருமானுக்கு முன்னே மூச்சுத் திணறி நிற்பவன் நான். கோபம் அவரிடமிருந்து வருகின்றது என்றே அதுவரை நம்பியிருந்தேன். அது எங்கே இருக்கின்றது என்று அன்று இடம் தெரிந்தது. தெரிந்த உடனே போய்விடவில்லை. பல மாதங்கள் நின்ற மூச்சை விட்டு விட்டுத்தான் கும்பிட்டேன். கடந்த உற்சவத்தில் அன்னதானப் பந்தியிலே மோர் விடும் வேலை எனக்கு. அவருடைய இலைக்கு வந்தபோது கை நடுங்கியது. ஒரு மூச்சு முழுவதாக விட்டேன், பிறகு மோரை விட்டேன். அவர் நிமிர்ந்து பாராமலே, "இன்னும் கொஞ்சம் விடு" என்றார். கதியால் இன்னும் அதே இடத்திலேதான் நிற்கின்றது. நில அளவையாளர் வந்துதான் அதைத் தீர்க்க வேண்டும்.

மாலைப் பூசைக்குக் கால் மணி நேரம் முன்னதாக வசந்த மண்டபத்தில் பாய் விரித்து வைக்கப்படும். விரும்பிய அடியார்கள் வந்து பேசாமல் அமர்ந்து மூச்சைக் கவனிக்கலாம். கற்பிக்க ஒருவரும் இல்லை, கட்டணமும் இல்லை. கார்த்திகைத் தேய்பிறையிலே தொடங்கும் பெருங்கதை விரத நாட்கள் இருபத்தொன்றிலும், அகவலை வழமைபோல ஓட்டமாக ஓதாமல், ஓர் அடிக்கு ஒரு மூச்சாக ஆறுதலாகப் பாடுவோமென்று பரிபாலன சபையிலே கேட்டிருக்கின்றேன். நேரம் சற்று நீளும். உபயகாரர்கள் அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டும். கைத்தொலைபேசிகளை வீட்டிலே வைத்துவிட்டு வருதல் நன்று.