காலி ஆர்கெஸ்ட்ரா

'கரோக்கி' என்ற ஜப்பானியச் சொல்லைப் பிரித்தால் 'கரா', 'ஓகே' என்று இரண்டு துண்டு கிடைக்கும். கரா என்றால் வெறுமை. ஓகே என்பது ஆர்கெஸ்ட்ராவை ஜப்பானியர் சொல்லும் சொல்லின் சுருக்கம். ஆக, காலி ஆர்கெஸ்ட்ரா. பாடகர் குரல் நீக்கிய பாட்டைத்தான் நாம் கரோக்கி என்கிறோம். ஆனால் அந்தச் சொல் பாடகரைப் பற்றிப் பேசவே இல்லை. வாத்தியக்காரர்கள் உட்கார வேண்டிய இடம் காலியாக இருக்கிறது என்றுதான் சொல்கிறது.

திண்டுக்கல்லில் 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் தொடங்கி நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் கல்யாண மண்டபங்கள் வரை அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு வேன், இரண்டு கீபோர்டு, ரிதம் பேட், தபலா, கிடார், நாலைந்து பாடகர்கள், 'ஹலோ மைக் டெஸ்டிங்'. பட்டிமன்ற மேடையில்கூடச் சினிமாப் பாட்டைப் பாடிக்காட்டியே பேர் வாங்கிய திண்டுக்கல் ஐ. லியோனியின் ஊர் இது. பாட்டு இங்கே கேட்க மட்டும் உள்ள சமாச்சாரம் கிடையாது.

இந்த ஊருக்கும் இதைப் போன்ற மற்ற ஊர்களுக்கும் இரண்டாயிரங்களின் முதல் பத்தாண்டில் சிடி ரைட்டர் வந்தது. பிரவுசிங் சென்டர் வாசலில் 'சிடி ரைட் செய்து தரப்படும்' என்று போர்டு. ஆங்கிலத்தில் இதற்கு 'எரித்தல்' என்று பெயர். அதற்கான மென்பொருள் ஒன்றுக்கு, ரோம் நகரை எரித்ததாகச் சொல்லப்படும் மன்னனை நினைவுபடுத்தி 'நீரோ பர்னிங் ராம்' என்றே பெயர் வைத்தார்கள். நாம் மட்டும் 'ரைட் பண்றது', எழுதுவது என்றோம். நடப்பது ரெண்டும்தான். வட்டின் உள்ளே பூசியிருக்கும் சாயத்தை லேசர் சூடாக்கும். சுட்ட இடம் ஒளியைத் திருப்பியனுப்பும் விதம் மாறிவிடும். அந்த வடுக்களின் வரிசைதான் பாட்டு.

கரோக்கி விசிடிகள் பலவற்றில் ஒரு சின்னத் தந்திரம் இருந்தது. ஒரு ஸ்பீக்கரில் குரலோடு பாட்டு வரும், இன்னொன்றில் வெறும் இசை. கற்றுக்கொள்ளும்வரை ரெண்டையும் கேட்கலாம். பிறகு குரலை அணைத்துவிட்டு நீங்கள் பாடலாம். ஒருவர் காசு கொடுத்து வாங்கிய வட்டு, கம்ப்யூட்டர் வழியாகப் பத்துப் பதினைந்து ரூபாய்க் காலி வட்டுகளில் தெரு முழுக்கப் பரவியது.

இது திருட்டா?

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்பது ஒருவகையில் பொருத்தம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டை ஒருவன் திருடினால் கடைக்காரரிடம் பூட்டு இருக்காது. சிடியை ரைட் பண்ணினால் ரெண்டு பேரிடமும் சிடி இருக்கும். 'நான் எதையும் எடுக்கலையே' என்று காப்பி அடிப்பவர் சொல்வது முழுப் பொய் இல்லை. 'எனக்கு வரவேண்டியது வரலையே' என்று உரிமையாளர் சொல்வதும் பொய் இல்லை. இருபது வருடமாக இந்த ரெண்டு வாக்கியங்களும் மோதிக்கொண்டிருக்கின்றன.

மோதலில் நமக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் பெரிய முகங்கள். 2017 மார்ச்சில், அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குத் தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. யார் பக்கம் நியாயம் என்று டீக்கடை முதல் ஃபேஸ்புக் வரை தமிழ்நாடே ரெண்டாகப் பிரிந்து பேசியது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாட்டெழுதுபவருக்கும் இசையமைப்பவருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு கிடைத்தது. 2013இல் பாடகர்கள் தங்களுக்கென்று ஓர் உரிமைச் சங்கம் தொடங்கினார்கள். கல்யாண வீட்டுக்குச் சட்டம் விலக்கும் தருகிறது. பிரிவு 52இன்படி, திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டத்தில் பாட்டு ஒலிப்பது உரிமை மீறல் ஆகாது. வட்டைக் காப்பி எடுத்து விற்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது, அது வேறு கதை.

இந்த விவாதம் எதிலும் வராத ஓர் ஆள் இருக்கிறார். கரோக்கி வட்டில் ஒலிக்கும் வாசிப்பு பெரும்பாலும் படத்தின் அசல் ஒலிப்பதிவு கிடையாது. யாரோ ஒரு கீபோர்டு கலைஞர் ஏதோ ஒரு சின்ன ஸ்டுடியோவில் உட்கார்ந்து, அசலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வயலினை ஒரு தடவை, புல்லாங்குழலை ஒரு தடவை, தபலாவை ஒரு தடவை என்று முழுப் பாட்டையும் மறுபடி கட்டியிருப்பார். ஆர்கெஸ்ட்ரா மேடையில் கற்ற வித்தை அது. மேடை வாய்ப்புகள் குறையக் குறைய, ட்ராக் போட்டுக் கொடுப்பது அவருக்குப் பிழைப்பு ஆனது. மேடையைக் குறைத்ததே அந்த ட்ராக்தான். அவர் தன் இடத்தைத் தானே காலி செய்துகொடுத்தார். அந்த ட்ராக்கும் காப்பி ஆனது. அசலுக்கு முறையாக அனுமதி வாங்காத ட்ராக் என்றால் அவர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போக முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ஆனால் அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆர்கெஸ்ட்ராவில் மைக் பிடிப்பது எல்லோருக்கும் நடக்கிற காரியமாக இருக்கவில்லை. ஊர் ஊராக வேனில் ராத்திரிப் பயணம் போக எத்தனை வீட்டில் பெண்களை விட்டார்கள்? ஸ்ருதி விலகினால் குழுவினர் முகம் சுளிப்பார்கள் என்று பயந்தே பாடாமல் போனவர்கள் எத்தனை பேர்? வட்டு முகம் சுளிக்காது. நூறு தடவை முதலிலிருந்து வாசிக்கும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில், அலுவலகப் பணி ஓய்வு விழாவில், வரவேற்பறை டிவி முன்னால் அதுவரை கேட்காத குரல்கள் கேட்டன. அதைத் திரும்ப மூடி வை என்று நான் சொல்ல மாட்டேன். ஆர்கெஸ்ட்ராவை அழைக்க வசதி இல்லாத வீட்டுக்கு, காப்பி அடித்த சிடி மட்டுமே எட்டும் தூரத்தில் இருந்தது.

கரோக்கி எந்திரத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவராக அறியப்படும் டைசுகே இனோவே, கோபே நகர மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாடும்போது பின்னணி வாசித்தவர். பயணத்துக்குக் கூட வந்து வாசிக்கும்படி ஒரு வாடிக்கையாளர் கேட்டார். போக முடியாததால் வாசித்து, டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து 1971இல் எந்திரம் பிறந்தது. அவர் காப்புரிமை வாங்கவில்லை. உலகம் முழுக்க அந்த யோசனையைக் காப்பி அடித்தது. 2004இல் அவருக்கு வேடிக்கைப் பரிசான இக் நோபலின் 'அமைதி' விருது கிடைத்தது. அவருக்குக் காசு பெரிதாகக் கிடைக்கவில்லை. பெயர் கிடைத்தது. நம் ட்ராக் கலைஞருக்கு அதுவும் இல்லை.

திருக்குறளில் கள்ளாமை 29ஆம் அதிகாரம், செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம். திருடுவதும் நன்றி மறப்பதும் வள்ளுவருக்கு வேறு வேறு குற்றங்கள். பைரஸி பற்றிய நம் பேச்சு முழுக்க 29இலேயே நின்றுவிட்டது. திருட்டு இல்லை என்று நிரூபித்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். சட்டம் விலக்கு தரலாம், உரிமையாளர் மன்னிக்கலாம், காப்பியால் யாருக்கும் காசு நஷ்டம் இல்லாமலும் போகலாம். அப்போதும் 11ஆம் அதிகாரத்தின் பாக்கி அப்படியே இருக்கும். ஒருவர் விரல் நோக வாசித்ததன்மேல் நின்று நாம் பாடியிருக்கிறோம்.

என் தொழிலில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. எம்ஐடி உரிமத்தில் வெளியாகும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஒரே நிபந்தனை: எழுதியவர் பெயர் தாங்கிய உரிமக் குறிப்பைக் கூடவே வைத்திருக்க வேண்டும். உலகின் பாதி இயந்திரங்கள் இந்தச் சின்ன நாணயத்தில்தான் ஓடுகின்றன என்று சொன்னால் மிகையாகாது. காசு கேட்காதவர்கூடப் பெயரைக் கேட்கிறார்.

பெயருக்கு சிடியில் இடம் இல்லாமலும் இல்லை. 1996இல் வந்த 'சிடி டெக்ஸ்ட்' என்ற முறையில் பாட்டின் தலைப்பு, பாடியவர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோருக்கு அடுத்து 'அரேஞ்சர்' என்றும் ஒரு கட்டம் உண்டு. இசைக்கருவிகளை ஒழுங்கு செய்து கோத்தவருக்கான கட்டம் அது. நாம் ரைட் பண்ணிய வட்டுகளில் அந்தக் கட்டத்தை நிரப்ப யாருக்கும் தோன்றவில்லை. மேலே மார்க்கர் பேனாவால் 'கரோக்கி - 3' என்று எழுதியதோடு சரி.

இப்போது வட்டும் போய்விட்டது. 2019இல் டீசர் நிறுவனம் 'ஸ்ப்ளீட்டர்' என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. அசல் பாட்டைக் கொடுத்தால் குரல் தனி, டிரம்ஸ் தனி, பேஸ் தனி என்று பிரித்துத் தரும். ட்ராக் போடுபவரே தேவையில்லை. அவருக்குப் பதிலாக, படப்பாடலின் அசல் ஒலிப்பதிவில் வாசித்த வயலின் வரிசையும் தபலாவும் நேரடியாக நம் ஃபோனுக்கு வருகின்றன. அவர்கள் பெயரும் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. கடன் ஆள் மாறியிருக்கிறது, அடையவில்லை.

மேடையில் பாட வருபவரிடம் இன்று முதலில் கேட்கும் கேள்வி, "ட்ராக் கொண்டாந்துருக்கீங்களா தம்பி?" என்பது. பாடுபவர் பெயரைச் சொல்வார்கள், படத்தைச் சொல்வார்கள், இசையமைப்பாளரைச் சொல்லிக் கைதட்டலும் வாங்குவார்கள். "வாசிச்சது யாருப்பா?" என்று இன்னொரு கேள்வியும் கேட்கலாம். பதில் தெரிந்தால் மைக்கில் சொல்லலாம். தெரியாவிட்டால் தேடலாம். ஊரில் ட்ராக் போடுபவர் இருந்தால் இணையத்தில் இறக்குவதற்கு முன் ஒரு தடவை அவரிடம் காசு கொடுத்து வாங்கலாம். வருடத்துக்கு ஒரு விழாவிலாவது, ட்ராக்கை அணைத்துவிட்டு, தபலாக்காரர் ஒருவரையாவது அந்தக் காலி இடத்தில் உட்காரச் சொல்லலாம்.