காக்கியைக் கண்டால் ஏன் பயப்படுகிறோம்?

 

நம் பிள்ளைகள் பைக்கில் போகிறார்கள். முனையில் போலீஸ் நிற்பதைப் பார்த்ததும் பக்கத்துச் சந்தில் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். ஹெல்மெட் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, இன்சூரன்ஸும் இருக்கிறது. அப்புறம் ஏனப்பா என்றால், "எதுக்கு ஹள்ரத் வம்பு?" என்கிறார்கள். இதே புதுச்சேரிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கடற்கரைச் சாலையில் நம் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைப் பார்த்து ஆசையாகப் படம் எடுக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். தொப்பியை விட்டுவிட்டுப் போனார்கள். விருந்தாளிக்கு அழகாகத் தெரியும் தொப்பி, ஊர்க்காரனுக்கு ஏன் அடிவயிற்றைக் கலக்குகிறது?

"பயம் இருந்தால்தானே ஊர் ஒழுங்காக இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். தப்பு செய்யப் பயப்படுவது வேறு, தப்பே செய்யாதவன் பயப்படுவது வேறு. முதலாவது ஊரைக் காக்கும். இரண்டாவது ஊரைக் கெடுக்கும். ஏனென்றால் பயந்தவன் திருட்டைக் கண்டாலும் சொல்லமாட்டான், விபத்தில் கிடப்பவனைத் தூக்கமாட்டான், சாட்சிக்கும் வரமாட்டான்.

அரபியில் ஈமான், அமானத், அமான் மூன்றும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. நம்பிக்கை, ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, அச்சமற்ற நிலை. குறைஷிகளுக்குத் தான் செய்த உபகாரங்களை நினைவூட்டும்போது அல்லாஹ், பசிக்கு உணவளித்ததையும் அச்சத்திலிருந்து அபயமளித்ததையும் சேர்த்தே சொல்கிறான். சோற்றுக்குச் சமமாக வைக்கப்பட்டிருக்கிறது பயமின்மை! ஒரு பயணத்தில் தூங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை மற்றொருவர் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விளையாட்டுக்கே இந்தச் சட்டம் என்றால், லத்தியைப் பற்றி என்ன சொல்வது?

சாத்தான்குளத்தை நாம் மறந்துவிடக் கூடாது. 2020 ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். ஊரடங்கு நேரம் கடந்தும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ் என்ற தந்தையையும் பென்னிக்ஸ் என்ற மகனையும் காவல் நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். பிறகு கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23ஆம் தேதி காலை தந்தை இறந்தார். அவர்கள் கிறிஸ்தவ சகோதரர்கள். அநீதிக்கு மதம் பார்த்துக் கண்ணீர் விடுவது நம் மார்க்கம் கற்றுத்தந்த வழக்கமல்ல. ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தில் வரி பாக்கிக்காக வெயிலில் நிறுத்தப்பட்டிருந்த விவசாயிகளைக் கண்டார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். இருந்தும் நேரே ஆளுநரிடம் போய், மனிதர்களை வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என்ற நபிமொழியை எடுத்துச் சொல்லி அவர்களை விடுவிக்க வைத்தார்கள்.

சாத்தான்குளத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதே நிலையத்தில் பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி என்ற பெண்மணி, அன்றிரவு தான் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியாகச் சொன்னார். உடன் வேலை செய்பவர்களுக்கு எதிராக, அதே காக்கியோடு. உங்களுக்கே பாதகமாக இருந்தாலும், பெற்றோர், உறவினருக்குப் பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் சொல்கிறதே, அதை ஓதுகிற நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தில் வாய் திறந்திருப்போம்? ஆகவே போலீஸ் என்றாலே கெட்டவர்கள் என்று பொதுவாகப் பேசாதீர்கள். அது அந்தப் பெண்மணிக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். அடியை யார் கேட்கிறார்கள்? நாம்தான் கேட்கிறோம். நம் கடையில் செல்போன் காணாமல் போனால், "நாலு தட்டு தட்டினால் உண்மை வரும் சார்" என்கிறோம். என்கவுன்ட்டர் செய்தி வந்தால் வாட்ஸ்அப்பில் கைதட்டல் படம் அனுப்புகிறோம். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களிடம் இப்படித்தான் ஒரு கூட்டம் வந்தது. பொருள் திருட்டுப் போய்விட்டது, இந்த நெசவாளிகள் மேல்தான் சந்தேகம் என்றார்கள். சில நாள் காவலில் வைத்துவிட்டு அவர்களை விட்டுவிட்டார் நுஃமான். அடிக்காமல் விட்டுவிட்டீர்களே என்று வந்தவர்கள் கோபித்தார்கள். வேண்டுமானால் அடிக்கிறேன், பொருள் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அவர்கள் முதுகில் விழுந்த அளவு உங்கள் முதுகிலும் விழும் என்றார் அவர். இது உங்கள் தீர்ப்பா என்று கேட்டதற்கு, அல்லாஹ்வும் அவன் தூதரும் சொன்ன தீர்ப்பு என்றார். அபூதாவூதில் பதிவான செய்தி இது. பெயர்போன குற்றவாளி விஷயத்தில் பிற்கால ஃபுகஹாக்களில் மாற்றுக் கருத்துச் சொன்னவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. என் மனம் நுஃமானின் பக்கம்தான். பட்டினி போட்டு, பயமுறுத்தி, கட்டிவைத்து வாங்கும் ஒப்புதலில் மனிதன் தனக்குத் தானே நம்பகமானவனாக இருக்கமாட்டான் என்ற கருத்தில் ஹள்ரத் உமர் (ரலி) அவர்களும் சொன்னதாக வருகிறது. நம் நாட்டுச் சட்டமும் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்பதில்லை.

சட்டம் இன்னும் சில விஷயங்களைச் சொல்கிறது. 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தவை இவை: கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதி, அதில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனமே தரும் உரிமை.

அந்த "மரியாதைக்குரிய ஒருவர்" யார்? நம் மஹல்லாவில் ஜமாஅத் நிர்வாகிகள் இருக்கிறார்கள், வக்கீல்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள் என்று ஒரு தாய் அழுதுகொண்டு வந்தால், "நமக்கெதுக்கு" என்று கதவைச் சாத்தாதீர்கள். அவன் தப்பே செய்திருந்தாலும் போங்கள். சத்தம் போடாமல், கூட்டம் சேர்க்காமல், இரண்டு பேர் போங்கள். அதிகாரிக்கு முகமன் சொல்லி, எந்த வழக்கு, யாருக்குத் தகவல் சொன்னீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள், கையெழுத்துப் போடுங்கள். இரவு எந்நேரமானாலும் முதவல்லிக்கு போன் செய்யுங்கள், அல்லது எனக்குச் செய்யுங்கள். நான் வருகிறேன்.