வக்காலத்தில் கையெழுத்திடாத குழந்தை

குடும்ப நல நீதிமன்றத்தில் ஒரு குழந்தைக்காகத் தாயும் தந்தையும் வழக்காடுகையில், வழக்கறிஞருக்குக் கட்டணம் தருபவர் அவ்விருவருள் ஒருவர். ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், தனது 13ஆம் பிரிவில் குழந்தையின் நலனையே தலையாயதாகக் கொள்கிறது. வக்காலத்தில் கையெழுத்திடாத அக்குழந்தைக்கும் வழக்கறிஞர் கடமைப்பட்டவரா?

தம் கட்சிக்காரருக்காக வாதாடுவதே அவரது சுயதர்மம், மற்றவை நீதிபதியின் பொறுப்பு என்பர் சிலர். இதை எளிதில் தள்ளிவிட இயலாது. அவரை நம்பியே கட்சிக்காரர் தம் இல்லத்தின் இரகசியங்களைத் திறந்து வைக்கிறார்; அந்த நம்பிக்கையைக் கைவிடுவதும் அதர்மமே.

1893இல் ஒரு வழக்கிற்காகத் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள், உறவினரான இரு வணிகரின் அவ்வழக்கை மத்தியஸ்தத்தில் முடித்தார். தோற்றவர் நொடித்துப் போகாதபடி, பணத்தைத் தவணைகளில் பெறவும் தம் கட்சிக்காரரை இசையவைத்தார். பணத்தைத் தவணைப்படுத்தலாம்; குழந்தையை? வார இறுதியில் சில மணி நேரம் தந்தையைக் காண்பதும் ஒருவகைத் தவணைதான். அது குழந்தை கேட்டு வாங்கியதன்று.

வாக்கின் தவத்தைக் கூறும் கீதையின் 17ஆம் அத்தியாயம் உண்மையோடு நிறுத்துவதில்லை. பிறரைக் கலங்கச் செய்யாமை, இனிமை, நன்மை ஆகியவற்றையும் சேர்க்கிறது. வழக்கறிஞர் எழுதும் மனுவும் வாக்கே. தந்தையின் குடிப்பழக்கம் குழந்தைக்கு ஆபத்தானால் அதை மறைப்பது பாவம். ஆனால், தாயின் நடத்தை குறித்து வழக்கிற்குத் தேவையற்ற ஒரு வரியைச் சேர்த்தால் எதிர்த்தரப்பு பணிந்துவிடும் என்று கட்சிக்காரர் வற்புறுத்தினால், வழக்கறிஞர் மறுக்கவே வேண்டும். அதனால் கட்சிக்காரரின் நியாயம் குறைவதில்லை. பேரத்துக்கான கருவி ஒன்றுதான் குறைகிறது. அந்த மனுவைப் பல ஆண்டுகள் கழித்து அக்குழந்தையே எடுத்துப் படிக்கவும் கூடும்.