களிமண்ணில் எழுதிய கடன்



மனிதன் முதன்முதலில் எதற்காக எழுதினான்? காவியம் பாடவா? அரசனைப் புகழவா? நம்மில் பலர் அப்படித்தான் எண்ணியிருப்போம். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட சான்றுகள் வேறு விதமாகப் பேசுகின்றன.

ஈராக்கின் தென்பகுதியில் உரூக் என்றொரு பழம்பெரும் நகரம் இருந்தது. அந்த மண்மேட்டை அகழ்ந்தபோது ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 5,200 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றைப் படித்த அறிஞர்கள் கண்டதென்ன? பெரும்பாலும் கணக்கு! வாற்கோதுமை இவ்வளவு வந்தது, ஆடுகள் இத்தனை, வேலையாட்களுக்கு அளந்த தானியம் இவ்வளவு! முதலில் பொருள்களின் உருவத்தை ஈரக் களிமண்ணில் கீறினார்கள். பிறகு நாணல் தண்டைச் சீவி அழுத்தியதில் ஆப்பு வடிவ எழுத்து உருவாயிற்று. பாட்டும் நீதிமொழியும் எழுத்தில் ஏறியதோ பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். பெயர் தெரிந்த முதல் ஆசிரியராகக் கூறப்படும் என்ஹெடுவன்னா என்ற அரசகுமாரி வாழ்ந்தது கி.மு. 2300 வாக்கில்.

ஆக, இலக்கியத்திற்கு முன்னே பிறந்தது கொடுக்கல் வாங்கல் எழுத்து. ஒருவருடைய ஹக்கு மற்றவரிடம் அழிந்துவிடாமல் காக்கவே மனிதன் எழுதுகோலை ஏந்தினான்.

அந்நாட்டார் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் தெரியுமா? ஒப்பந்தத்தைப் பலகையில் எழுதி, அதன்மேல் களிமண்ணாலேயே ஓர் உறை போர்த்தி, உறையின்மீதும் அதே வாசகத்தை எழுதி, சாட்சிகளின் முத்திரையைப் பதிப்பார்கள். வழக்கு வந்தால் உறையை உடைத்து உள்ளிருப்பதைப் பார்க்கலாம். கி.மு. 1750ஐ ஒட்டி ஹம்முராபி மன்னன் கல்லில் பொறித்த சட்டத்தில், சாட்சியும் ஒப்பந்தமும் இல்லாமல் பொருளை ஒப்படைத்தவன் பின்னர் உரிமை கோர முடியாது என்றே விதித்தான்.

அதே காலத்தில் ‘ஊர்’ என்னும் பெயர் கொண்ட நகரில் ஏஅ-நாசிர் என்ற செம்பு வியாபாரி இருந்தான். நல்ல செம்பு தருவதாகச் சொல்லி, மட்டமான சரக்கைக் காட்டி, வந்த ஆளையும் அவமதித்து அனுப்பினான் என்று நன்னி என்பவர் எழுதிய புகார் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவன் சேர்த்த செல்வம் போயிற்று, நகரமும் மண்மேடாயிற்று. புகார் மட்டும் 3,700 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது! வெறும் களிமண்ணே இவ்வளவு காலம் சாட்சி சொல்லுமானால், கிராமன் காத்திபீன்களின் ஏடு எப்படிச் சாட்சி சொல்லும் என்று சிந்தித்தோமா?

சகோதரர்களே! திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத் எதைப் பற்றியது? தொழுகையையோ ஹஜ்ஜையோ பற்றியதன்று. அல்பகரா சூராவின் 282ஆவது வசனமான அது, தவணைக் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது! கடன்பட்டவனே வாசகத்தைச் சொல்ல வேண்டும், எழுதுபவன் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் சலிப்படையக் கூடாது என்றெல்லாம் அல்லாஹுத் தஆலா விவரமாகக் கற்றுத் தருகிறான். இவ்வாறு எழுதுவது வாஜிபன்று, முஸ்தஹப்பே என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. ஆனாலும் இவ்வளவு விரிவாக அருளப்பட்ட ஒன்றை நாம் அலட்சியம் செய்யலாமா?

“அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு? என்மீது நம்பிக்கை இல்லையா என்று கேட்டுவிட்டால்?” என்று தயங்குகிறோம். திர்மிதீயில் வரும் ஒரு ஹதீஸ் இதற்கு விடை தருகிறது. ஆதம் (அலை) அவர்கள் தம் ஆயுளில் ஒரு பகுதியைத் தாவூத் (அலை) அவர்களுக்கு மனமுவந்து கொடுத்தார்கள். மலக்குல் மவ்த் வந்தபோது அதை மறந்து, கொடுக்கவில்லை என்றார்கள். அன்றிலிருந்துதான் எழுத்தும் சாட்சியும் ஏவப்பட்டன என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளினார்கள். பார்த்தீர்களா? ஆதம் நபி பொய்யரல்லர், மறந்தார்கள். ஆகவே எழுதுவது சந்தேகத்தின் அடையாளமன்று, மறதிக்கு மருந்து. உறவைக் காக்கும் வேலி.

நம் வீடுகளில் நடப்பதென்ன? அவசரத்திற்கென்று தங்கை கழற்றிக் கொடுத்த வளையலுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. கொடுத்தவருக்கு ஒரு கணக்கு, வாங்கியவருக்கு வேறொரு கணக்கு. வாங்கியவர் மவ்த்தாகிவிட்டால், இத்தாவில் இருக்கும் மனைவிக்கு என்ன தெரியும்? மய்யித் வீட்டு வாசலிலேயே சச்சரவு! முஃமினின் ரூஹு அவனுடைய கடன் தீரும்வரை தொங்கிக்கொண்டிருக்கும் என்ற எச்சரிக்கையை மறந்துவிட்டோமே!

ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதி, தொகை, தவணை, சாட்சிகளின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். அது இருக்குமிடம் மனைவி மக்களுக்குத் தெரியட்டும். வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கலாகாது என்பது நபிமொழியல்லவா?

எழுதுகோலைக் கொண்டு கற்பித்த இறைவன், பிறர் ஹக்கைச் சுமக்காத நிலையில் நம் அனைவரையும் மஹ்ஷரில் எழுப்புவானாக! ஆமீன்.