அரண்மனைச் சோறும் பிரசங்கியும்

பெரிய வியாழன் அன்று இங்கிலாந்து அரசர் ஏதாவது ஒரு கதீட்ரலுக்குப் போய் முதியவர்களுக்குக் காசு கொடுப்பார். அவருக்கு என்ன வயதோ அத்தனை ஆண்கள், அத்தனை பெண்கள். ஆளுக்கு இரண்டு தோல்பை, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. வெள்ளைப் பைக்குள் வயதுக்கு ஒரு பென்னி வீதம், அதற்கென்றே அடித்த வெள்ளிக் காசு. கூட வருகிறவர்கள் சிலர் கையில் வாசனைப் பூங்கொத்து இருக்கும். ஏழைகளின் கூட்டத்தில் நாற்றமும் நோயும் அண்டாமலிருக்க ஒரு காலத்தில் பிடித்தது, இன்றுவரை கீழே வைக்கவில்லை. அரசருக்கு அருகில் லார்ட் ஹை ஆல்மனர் என்ற பட்டத்தோடு ஒரு பிஷப் நிற்பார். அவர் அங்கிக்கு மேல் வெள்ளை லினன் துண்டு கட்டியிருப்பார்.

ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவும்போது கட்டிய துண்டின் நினைவு அது. முன்பு அங்கே ராஜாக்களும் ராணிகளும் அன்றைக்கு ஏழைகளின் காலைக் கழுவத்தான் செய்தார்கள். முதலாம் எலிசபெத் கழுவியதைப் பற்றி ஒரு விவரம் இருக்கிறது: ராணி உட்காருவதற்கு முன்பே சலவைப் பணியாளர்கள் ஒரு தரம், உதவி ஆல்மனர் ஒரு தரம், ஆல்மனர் ஒரு தரம் என்று அந்தக் கால்கள் மூன்று தரம் கழுவப்பட்டிருக்கும்! 17ஆம் நூற்றாண்டோடு அரசர்கள் கழன்றுகொண்டார்கள். அதன்பின் சில காலம் ஆல்மனர் அவர்களுக்குப் பதிலாகக் கழுவினார். பிறகு அவரும் விட்டுவிட்டார். துண்டு மட்டும் இன்னும் இருக்கிறது.

அந்தத் துண்டுக்காரர் அங்கே எதற்கு நிற்கிறார் என்பதுதான் என் கேள்வி. எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நான் சி.எஸ்.ஐ. குருவானவராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தாத்தா நாசரேத் பக்கம் உபதேசியாராக இருந்தவர். 1947-க்கு முன்பு எங்கள் ஊர்க் கோயில்களில், முன்னேபின்னே கண்டிராத ராஜாவுக்காகத் தமிழில் ஜெபம் பண்ணியவர்களில் அவரும் ஒருவர். அந்த ராஜாவுக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்த குருமாரின் பாடு எப்படியிருந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு குறுகுறுப்பு.

அரசரைச் சுற்றியுள்ள குருமாரின் பட்டியல் நீளமானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசருக்கு முப்பதுக்கு மேற்பட்ட கௌரவச் சாப்ளின்கள் உண்டு. சிவப்பு அங்கி அணிவார்கள், சம்பளம் கிடையாது, 70 வயதில் ஓய்வு. அவர்களுக்குத் தலைவர் ‘கிளார்க் ஆஃப் த குளோசெட்’ என்ற பழைய பட்டம் கொண்ட ஒரு பிஷப். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் உள்ள சேப்பல் ராயலில் முறை வைத்துப் பிரசங்கம் செய்வது அவர்கள் கடமை. விண்ட்சர் கோட்டைக்கு ஒரு டீன் தனியாக இருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அரசர் ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டினால் இவர்களில் யாருக்கும் வேலையில்லை. பால்மோரலில் இருக்கும்போது அவர் கிராத்தி ஊர் பிரெஸ்பிட்டீரியன் கோயிலுக்குத்தான் போவார். பிஷப்பே இல்லாத சபை அது.

சிக்கல் இந்த ஏற்பாட்டின் வேரில் இருக்கிறது. எட்டாம் ஹென்றி 1534-இல் தன்னைச் சபையின் தலைவர் ஆக்கிக்கொண்டார். அவர் மகள் எலிசபெத் 1559-இல் அதைக் கொஞ்சம் மெருகேற்றி ‘உன்னத ஆளுநர்’ என்றார். அந்தப் பட்டம் இன்றைய அரசர்வரை நிற்கிறது. ஆக, அரண்மனைச் சாப்ளின் யாருக்குப் பிரசங்கம் செய்கிறாரோ அவரே சபைக்கும் எஜமான். போப்பாண்டவரின் அதிகாரம் அங்கே செல்லுபடியான காலத்தில் ராஜாவைக் கண்டித்த குருவானவருக்குக் கடல் தாண்டி ஒரு மேல்முறையீடாவது இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை. 1565-இல் அலெக்சாண்டர் நோவல் என்ற டீன், ராணி எலிசபெத் முன்னால் சொரூபங்களைக் கண்டித்துப் பேச ஆரம்பித்தார். ராணி இருந்த இடத்திலிருந்தே உரக்க, அதை விட்டுவிட்டு எடுத்த வசனத்துக்கு வாரும் என்று அதட்டினார். மனிதர் தடுமாறிப்போனார். ஆர்ச்பிஷப் பார்க்கர் அவர்மேல் பரிதாபப்பட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு அனுப்பினாராம்.

வேதத்தில் இதற்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். பெத்தேலில் ஆசாரியனான அமத்சியா, ஆமோஸைப் பார்த்து இது ராஜாவுடைய கோயில், உன் பிழைப்பை யூதாவில் போய்ப் பார் என்று விரட்டுகிறான். அரண்மனைச் சாப்ளின் என்றால் அவன்தான். ஆனால் நாத்தானும் அரண்மனைக்காரன்தானே? உரியாவைச் சாகக் கொடுத்து பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீதிடம், ஒரு ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி நீயே அந்த மனுஷன் என்றவன் வனாந்தரத்திலிருந்து வந்தவன் அல்ல. தாவீதின் மாளிகை வாசல் அவனுக்குத் திறந்திருந்தது. வாசல் திறந்திருந்ததால்தான் சொல்லவும் முடிந்தது. திருவள்ளுவர் இடித்துரைப்பவர் இல்லாத மன்னன் பகைவன் இல்லாமலே கெடுவான் என்பதைப் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வைத்திருக்கிறார். இடிப்பவன் துணையாக அருகில் இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். தெருவில் நின்று கத்துகிறவனை அவர் சொல்லவில்லை.

நான் சில ஆண்டுகள் ஒரு பேராயருக்குச் சாப்ளினாக இருந்தேன். அரண்மனை எங்கே, நம்மூர் பிஷப் பங்களா எங்கே! ஆனாலும் அந்த வராந்தாவில் கற்றுக்கொண்டது உண்டு. ஆராதனையில் அவர் பின்னால் கோலை ஏந்திக்கொண்டு போவது, எந்தப் பக்கத்தில் எந்த ஜெபம் என்று புத்தகத்தைப் பிரித்து நீட்டுவது, கார்க் கதவு, ஃபைல், இதெல்லாம் வெளியே தெரியும் வேலை. தெரியாத வேலை, காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பவர்கள். “ஐயா, பிஷப் ஐயா இன்னைக்கு எப்படி இருக்காங்க?” என்று மெதுவாகக் கேட்பார்கள். மகனுக்குப் பள்ளிக்கூட வேலை, சேகர மாற்றம், பாதியில் நிற்கும் கோயில் கட்டடம். ஒரு மாதத்துக்குள் அந்தக் கேள்வி நமக்கும் ஒட்டிக்கொள்ளும். பேராயர் எப்படி இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் நாமும் வாயைத் திறப்போம். பயம் என்று அதைச் சொல்ல முடியாது. யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. அடுத்தது ஒன்று கிடைக்கும் என்ற எண்ணம்தான். பெரிய சேகரம் ஒன்று, கமிட்டியில் ஓர் இடம், வெளிநாட்டு மாநாடு ஒன்று. அடுத்தது ஒன்று வேண்டும் என்று இருக்கிறவனுக்குப் பேச்சு தானாகவே மிருதுவாகிவிடும்.

தாமஸ் கென் என்ற சிறிய உருவமுள்ள மனிதர் மேல் எனக்குப் பிரியம் வந்தது அங்கிருந்துதான். நம்மூர் ஆங்கில ஆராதனைகளில் எழுந்து நின்று பாடும் ‘டாக்ஸாலஜி’ அவர் எழுதியது. அவர் முதலில் அரச குடும்பத்தில் வேலைக்குப் போனது 1679-இல், ஹேக் நகரத்துக்கு, டச்சு இளவரசர் ஆரஞ்சு வில்லியமின் மனைவி மேரிக்குச் சாப்ளினாக. அங்கே வில்லியமின் உறவினரான ஒரு பிரபு, மேரியின் தோழிப்பெண்ணைக் கெடுத்துவிட்டுக் கைகழுவப் பார்த்தான். வில்லியம் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கென் அவனைப் பிடித்துப் பேசி, அந்தப் பெண்ணைக் கல்யாணம் பண்ண வைத்துவிட்டார். திரும்பி வந்த வில்லியம் கொதித்தார். கென், நான் போகிறேன் என்று மூட்டை கட்டினார். மேரி நடுவில் வந்து சமாதானம் செய்ய, வில்லியமே அவரை இருக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பியதும் இரண்டாம் சார்லஸ் அவரைத் தன் சாப்ளினாக்கினார். 1683-இல் ராஜ பரிவாரம் வின்செஸ்டருக்கு வந்தபோது, ராஜாவின் ஆசைநாயகி நெல் க்வின் தங்குவதற்குக் கென்னின் வீட்டைக் குறித்துவிட்டார்கள். கென் முடியாது என்றார். கூரையைப் பிரித்துப் போட்டு, ரிப்பேர் வேலை நடக்கிறது என்று காட்டியதாக ஒரு கதையும் உண்டு. கதையோ நிஜமோ, நெல் வேறு வீட்டுக்குத்தான் போனாள். அடுத்த ஆண்டு பாத்-வெல்ஸ் பிஷப் பதவி காலியானது. ஆளாளுக்குச் சிபாரிசோடு வந்து நிற்க, நெல்லுக்கு வீடு தராத அந்தக் குள்ள மனிதருக்குத்தான் அது என்று சார்லஸ் சொன்னதாகப் பேச்சு. சார்லஸுக்கு ஆயிரம் குறை இருக்கலாம், ஆள் அளக்கத் தெரிந்த ராஜா. கென் பிஷப்பாக அபிஷேகமான சில நாட்களிலேயே, 1685 பிப்ரவரியில், அதே ராஜாவின் மரணப் படுக்கையருகே நின்றார். திருவிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பக் கெஞ்சினார். மேசைகூடத் தயாரானது. சார்லஸ் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பிஷப்புகளை வெளியே அனுப்பிவிட்டு, பின்படி வழியாக ஹடில்ஸ்டன் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரை அழைத்து வந்து, சார்லஸ் கத்தோலிக்கராகச் செத்தார். அத்தனை ஆண்டு அரண்மனைப் பிரசங்கம் ஓர் அறைக் கதவுக்கு வெளியே நின்றது.

இங்கே நிறுத்தினால் கென் ஒரு புனிதர் படமாகிவிடுவார். அதே 1685 ஜூலையில் மான்மத் பிரபுவைக் கொன்ற மேடையில் அவரும் நின்றார். சார்லஸின் மகன், சித்தப்பா இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்துக் கலகம் செய்து பிடிபட்டவன். சாகப் போகிறவனைக் குருமார் நால்வர் சேர்ந்து, ராஜாவை எதிர்ப்பது பாவம் என்று வாய்விட்டுச் சொல் என்று கடைசி நிமிஷம்வரை நெருக்கினார்கள். அவன் சொல்லவில்லை. கோடரிக்காரன் ஒரே வெட்டில் முடிக்கவும் இல்லை. எனக்கு அதை வாசிக்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. சாகிறவனுக்குத் தேவையாக இருந்தது தேவனுடைய வார்த்தை. அவனுக்குக் கிடைத்தது அரசாங்கத்தின் வார்த்தை. பிறகு அந்தக் கலகத்தில் பிடிபட்டுத் தன் மறைமாவட்டச் சிறைகளில் கிடந்த குடியானவர்களைக் கென் போய்ப் பார்த்துச் சோறு போட்டார், உயிருக்காக ராஜாவிடம் மன்றாடினார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இந்தச் சோறு அந்த மேடையை அழிக்காது.

ஜேம்ஸ் கத்தோலிக்கர். 1688-இல் கென் வைட்ஹால் அரண்மனைக் கோயிலில் பிரசங்கித்ததைப் பற்றி யாரோ கோள் சொல்ல, ஜேம்ஸ் கூப்பிட்டு விசாரித்தார். மாட்சிமை தாங்கிய தாங்கள் கோயிலுக்கு வரும் கடமையைத் தவறாதிருந்தால், என்னைப் பற்றிக் கோள் சொல்ல அவர்களுக்கு இடமே இருந்திருக்காது என்பது கென்னின் பதில். அந்த மே மாதம் ராஜாவின் மதச் சலுகைப் பிரகடனத்தைக் கோயில்களில் வாசிக்க முடியாது என்று ஏழு பிஷப்புகள் மனு கொடுத்தார்கள், கென் அதில் ஒருவர். ஏழு பேரையும் லண்டன் டவரில் அடைத்தார்கள். ஜூன் 30-இல் ஜூரி விடுதலை செய்தது, ஊரே தீபாவளி கொண்டாடியது. அதே ஆண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஓடிப்போக, 1689-இல் ஆரஞ்சு வில்லியமும் ஜேம்ஸின் மகளான மேரியும் சிம்மாசனம் ஏறினார்கள். மேரி, கென்னின் பழைய எஜமானி. டவரில் கிடந்த பிஷப்புக்கு இனி என்ன குறை என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

கென் புதிய ராஜாவுக்குச் சத்தியம் செய்ய மறுத்தார். ஜேம்ஸுக்குச் செய்த சத்தியம் ஜேம்ஸ் உயிரோடிருக்கும்வரை கழியாது என்றார். 1691-இல் பதவி பறிபோனது.

தமிழ் வாசகருக்கு இந்த மனிதர் புதியவரல்லர். கம்பனின் கும்பகருணன் ராவணனிடம், சீதையை விட்டுவிடு என்று நேருக்கு நேர் சொன்னவன். சொல்லிவிட்டு அவனுக்காகவே போருக்குப் போனவன். ராமன் பக்கம் வந்துவிடு என்று விபீஷணன் அழைத்தும் போகாதவன். செஞ்சோற்றுக் கடன் என்பதைச் சொல்வதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும் கடனாக நாம் ஆக்கிவிட்டோம். கும்பகருணனிடத்தில் கண்டிப்பதும் அந்தக் கடனுக்குள்தான் அடங்குகிறது. ஒன்று மட்டும் இடிக்கிறது: அவன் கடனைத் தீர்க்கப் போன போர் அநியாயமான போர். கென் போருக்குப் போகவில்லை, ஜேம்ஸைத் திரும்பக் கொண்டுவரச் சதியும் செய்யவில்லை. சும்மா வீட்டில் இருந்தார். அந்த அளவில் கும்பகருணனைவிட ஒரு படி மேல் என்பேன்.

இந்தக் காலத்தில் வேறு மாதிரி நடக்கிறது. இரண்டாம் எலிசபெத் ராணியின் சாப்ளின்களில் ஒருவரான கேவின் ஆஷெண்டன், 2017 ஜனவரியில், கிளாஸ்கோவில் ஒரு கதீட்ரலின் எபிபனி ஆராதனையில் குர்ஆன் வாசித்ததைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அரண்மனையோடு பேச்சு நடந்தது, அவர் பதவியை விட்டு விலகினார். சுதந்திரமாகப் பேச வேண்டுமானால் ராணியின் பெயர் கூடவே வரக்கூடாது என்பது கணக்கு. அவர் கண்டித்த விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை, விலகியது நேர்மைதான். ஆனால் கவனியுங்கள், அவர் கண்டித்தது ராணியை அல்ல. இன்றைய அரசருக்கு அதிகாரம் இல்லாததால் அவரைக் கண்டிக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்ளின் பேசினால் சங்கடம் மட்டும் வரும். கென்னுக்கு எதிரே இருந்தவர்களின் கையில் டவரின் சாவி இருந்தது.

பதவி போனபின் கென் கையிலிருந்ததை விற்றார், 700 பவுண்டு வந்தது. அதை லாங்லீட் மாளிகைக்காரரான வேமத் பிரபுவிடம் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு 80 பவுண்டு பெற்றுக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கினார். 1703 நவம்பர் பெரும்புயலில் வெல்ஸ் அரண்மனையின் புகைக்கூண்டு சரிந்து, அவருடைய இடத்தில் இருந்த பிஷப்பும் மனைவியும் இறந்தார்கள். அப்போது சிம்மாசனத்தில் இருந்த ஆனி ராணி பழைய பதவியைத் திரும்பத் தர முன்வந்தார். கென், வேண்டாம், என் நண்பர் ஹூப்பருக்குக் கொடுங்கள் என்றார். ஹூப்பர் பிஷப்பாகி, ராணியிடம் பேசி, கென்னுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தார். கென் அதை வாங்கிக்கொண்டார்.

இதைச் சொன்னபோது என் நண்பர் ஒருவர், அவரும் ஓய்வு பெற்ற குருவானவர்தான், சிரித்துவிட்டார். “அப்போ கடைசியில அரண்மனைச் சோறு சாப்பிட்டுட்டாரே ஐயா.” சாப்பிட்டார்தான். பிஷப் பதவிக்கு ஆனியின் பெயரில் சத்தியம் செய்ய வேண்டும், ஓய்வூதியத்துக்கு வேண்டாம் என்று நான் விளக்கினேன். நண்பர் அது வக்கீல் பேச்சு என்கிறார். ராணி ஏதாவது தவறு செய்து, அந்த 200 பவுண்டு வந்துகொண்டிருக்கும்போதே கென் எழுந்து கண்டித்திருந்தால் ஒப்புக்கொள்கிறேன் என்கிறார். அப்படி ஒரு சந்தர்ப்பம் வராமலே 1711-இல் கென் லாங்லீட்டில் இறந்துபோனார்.