வாசலில் நிற்பவரின் பொறுப்பு



வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலும் அருகருகே இருக்கும் தெரு அது. 1878ல் திறக்கப்பட்ட யூதர் ஆலயமும் அதே தெருவில்தான் இருக்கிறது. குவான் இம்மை வணங்க வரும் சீனர்கள் பலர், நம் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கண்ணனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

சென்ற ஆண்டு கிருஷ்ண ஜெயந்தி அன்று அங்கே தொண்டூழியராக வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். சீனப் பாட்டி ஒருவர் கையில் மூன்று ஊதுபத்தியோடு வந்தார். "ஆன்ட்டி, இங்க இல்ல, அந்தப் பக்கம்!" என்று பக்கத்துக் கோயிலைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

மூத்த தொண்டூழியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். பாட்டியை வாசலில் ஊதுபத்தி செருகும் கலயத்துக்கு அழைத்துப்போய்விட்டு, என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அந்தக் கலயம் யாருக்குன்னு நினைச்ச? நீ பொறக்குறதுக்கு முன்னாடியிலேருந்து அந்தம்மா இங்க வர்றாங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன். பாட்டி சிரித்தார். பிறகு, "இந்தச் சாமி ஏன் நீலமா இருக்காரு?" என்று கேட்டார். ஒரு பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த எனக்கு, இதற்குப் பதில் தெரியவில்லை. அர்ச்சகரைத்தான் கேட்டேன். "வானமும் கடலும் நீலமாத்தானே தெரியுது? அதுக்கு எல்லை தெரியுதா? அவனுக்கும் எல்லை இல்ல, தம்பி" என்றார். அந்த எல்லை இல்லாதவனுக்குத்தான் நான் வாசலில் எல்லை போட்டிருந்தேன்.

கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் ஒன்று சொல்கிறான். வேறு தெய்வங்களை நம்பிக்கையோடு வணங்குபவர்களும், முறை தவறினாலும், தன்னையே வணங்குகிறார்கள் என்கிறான். அப்படிச் சொன்னவன், தன் வாசலுக்கே வந்தவரைத் திருப்பி அனுப்புவானா?

ஒவ்வொரு ஜூலை 21ம் நம் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள். 1964ல் இனக் கலவரம் வெடித்த அதே தேதி. அன்று நண்பனின் இன உடையைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் அவன் எதைக் கும்பிடுகிறான், ஏன் நோன்பு இருக்கிறான் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவன் திருப்பிக் கேட்டால் நமக்குப் பதில் தெரியுமா?

தலைமைத்துவம் என்றால் மேடையும் மைக்கும் மட்டும் இல்லை. வாசலில் நிற்பவரும் தலைவர்தான். உள்ளே வருபவருக்கு அவர் முகம்தான் முதலில் தெரிகிற இந்து சமயம்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். இந்த மாதம் நம் சமயத்தைப் பற்றி ஒரு கேள்விக்குச் சரியான பதிலைக் கற்றுக்கொள்ளுங்கள். வேறு சமய நண்பர் ஒருவரிடம் அவர் சமயத்தைப் பற்றி ஒரு கேள்வி மரியாதையோடு கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள்.

இந்த ஆண்டும் ஜெயந்திக்கு அதே வாசலில்தான் நிற்கப் போகிறேன். பாட்டி வந்தால் சொல்ல, பதில் தயாராக இருக்கிறது.

ஓம் நமோ நாராயணாய.